பிள்ளை உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்



நான் உங்கள் இரவு வகுப்புத் தொண்டர். இன்று உங்கள் பிள்ளைகளின் வகுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அங்கன்வாடி என்கிறோம். 'அங்கன்' என்றால் இந்தியில் முற்றம். முற்றம் என்றாலே வெளிச்சம், காற்று. 1975 அக்டோபர் 2ஆம் தேதி இந்தத் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் நடக்கிறது. ஆனால் நம் பெங்களூரில் பல அங்கன்வாடிகளுக்கு முற்றம் இல்லை. ஒரே அறைதான்.

அப்படி ஓர் அறைக்கு உதவி செய்யப் போனேன். அங்கே நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. படம் காட்டினால் கண்ணைச் சுருக்குவாள். தலையைக் குனிந்துகொள்வாள். பதில் சொல்ல மாட்டாள். 'மந்தமான பிள்ளை' என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவள் பாயில் நான் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே ஜன்னல். கண் கூசியது. ஜன்னலுக்கு முன்னால் நின்ற டீச்சரின் முகம் கறுப்பாகத் தெரிந்தது. கையில் இருந்த படமும் தெரியவில்லை. குறை பிள்ளையிடம் இல்லை. நாங்கள் அவளை உட்கார வைத்த இடத்தில் இருந்தது.

பாயைத் திருப்பிப் போட்டோம். ஜன்னல் பிள்ளைகளின் இடது பக்கம் வந்தது. மறுநாள் படத்தைக் காட்டியதும் "கிளி!" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

உங்களுக்கும் இது தெரியும். விளக்கு வலது பக்கம் இருந்தால் எழுதும் கையின் நிழல் சிலேட்டில் விழுகிறது அல்லவா?

காசில்லாமல் சில வேலைகள் செய்யலாம். ஜன்னலை மறைக்கும் மூட்டைகளை நகர்த்துங்கள். காலை வெயில் கிழக்கு ஜன்னலில் நேராக அடித்தால் மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள். கொஞ்சம் காசு இருந்தால் சுவருக்கு வெள்ளை அடியுங்கள். வெளிச்சம் சுவரில் பட்டு அறை முழுவதும் பரவும்.

ஜன்னல் போதுமா? அளந்து பாருங்கள். மிதமான தட்பவெப்பம் உள்ள இடங்களில் தரையின் அளவில் எட்டில் ஒரு பங்காவது ஜன்னல் வேண்டும். 10 அடி அகலம், 12 அடி நீளம் உள்ள அறை 120 சதுர அடி. அதற்கு 15 சதுர அடி ஜன்னல் வேண்டும்.

பிள்ளைகளைத் தினமும் வெளியிலும் விளையாட விடுங்கள். பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. தைவான் நாட்டில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்கச் சொல்கிறார்கள்.

நல்ல வெளிச்சத்திலும் பிள்ளை கண்ணைச் சுருக்கினால் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாளை பிள்ளையை விடப் போகும்போது, அவள் பாயில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண் கூசுகிறதா? இருட்டாக இருக்கிறதா? டீச்சரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடியின் பாலவிகாஸ் சமிதியில் பேசுங்கள். ஜன்னல் வேண்டும் என்றால் மனு எழுதுங்கள். அளக்கவும் எழுதவும் உங்களுக்குத் தெரியும். கையெழுத்தும் நீங்களே போடலாம்.