பெயர் தெரியாத டைப்பிஸ்டுக்கு ஒரு வணக்கம்



கொடுங்கோல் ராஜ்யங்களைக் கற்பனை செய்து எழுதிய நாவல்களைப் பற்றி, டிஸ்டோப்பியா என்று கல்லூரி மாணவர்கள் சொல்லும் அந்த இலக்கியத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. பேசுகிறேன். ஆனால் முதலில் ஒரு பெண்மணிக்கு வணக்கம் சொல்ல அனுமதி தாருங்கள். அவள் பெயர் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, போலீசுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே பெயரை மறைத்து வாழ்ந்தவள் அவள். சோவியத் ருஷ்யாவில், அரசாங்கம் அச்சேற்ற மறுத்த கிரந்தங்களை, மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து, அடுத்த வீட்டார் காதில் சத்தம் விழுந்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சி, இரவெல்லாம் கண்விழித்து டைப் அடித்து, ஒரு தடவைக்கு நாலைந்து பிரதிகள் எடுத்துக் கைக்குக் கை அனுப்பியவள். அவளைப் போல நூறு பேரா, ஆயிரம் பேரா, பத்தாயிரம் பேரா, எந்தச் சரித்திர ஆசிரியனும் கணக்கெடுக்கவில்லை. அவளுக்கு என் முதல் வணக்கம்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். யெவ்கேனி ஜம்யாத்தின் என்ற ருஷ்ய எழுத்தாளரைச் சொல்லாமல் இந்த இலக்கியத்தைத் தொடங்க முடியாது. தொழிலால் கப்பல் கட்டும் பொறியாளர். 1905ஆம் ஆண்டுப் புரட்சியில் போல்ஷெவிக்காகச் சேர்ந்து ஜார் சக்கரவர்த்தியின் சிறையைக் கண்டவர். முதல் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்துக்குப் போய்த் தம் தேசத்துக்காகப் பனிக்கட்டியை உடைத்துச் செல்லும் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்வை செய்தவர். அந்தக் கப்பல்களில் ஒன்றுக்குத்தான் புரட்சிக்குப் பிறகு லெனின் என்று நாமகரணம் செய்தார்கள். வெளியே நின்று கல்லெறிந்த விரோதியல்ல ஐயா அவர். அந்த வீட்டிலேயே பிறந்த பிள்ளை! அந்தப் பிள்ளை 1920, 21ஆம் ஆண்டுகளில் 'நாம்' என்று ஒரு நாவல் எழுதினார். அந்த ராஜ்யத்தில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீடுகளுக்குக் கண்ணாடிச் சுவர்; அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் மட்டும் குறித்த நேரத்தில் திரையை இறக்கிக் கொள்ளலாம்; ஒரு கவளத்தை 50 தடவை மெல்ல வேண்டும் என்பதுகூடச் சட்டம். ராஜ்யத்தைப் புகழ்வதற்காகவே நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான் கதாநாயகன், அவனும் ஒரு பொறியாளன். எழுத எழுத அவனுக்குள் ஓர் ஆத்மா முளைத்துவிடுகிறது. அதற்கு அரசாங்கம் கண்டுபிடித்த சிகிச்சை என்ன தெரியுமா? கற்பனை செய்யும் சக்தியையே மூளையிலிருந்து எரித்தெடுக்கும் சத்திரசிகிச்சை! அது முடிந்த பிறகு, தான் உயிராய் நேசித்தவளைச் சித்திரவதை செய்யும்போது அவன் பக்கத்தில் அமர்ந்து அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நிம்மதியாக உறங்கியவர் இருந்தால் அவரோடு எனக்குப் பேச்சில்லை.

நாவல் 1924ல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அது எழுதப்பட்ட பாஷையில், எழுதப்பட்ட தேசத்தில், எப்போது அச்சாயிற்று? 1988ல்! ஏறத்தாழ 70 வருஷம்! 1931ல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி, எழுத்தாளர் கார்க்கியின் பரிந்துரையால் தேசத்தை விட்டு வெளியேறிய ஜம்யாத்தின், 1937ல் பாரிஸ் நகரத்தில் வறுமையில் மாண்டார்.

இந்த நாவல்களில் பொதுவாக ஓடும் சரடுகளை வரிசையாக ஒப்பிக்க எனக்கு விருப்பமில்லை. சுவர் உண்டு, சுவருக்கு அப்பால் காடு உண்டு, காதலே ராஜத்துரோகமாவது உண்டு, அவற்றையெல்லாம் நீங்களே படித்துக் கொள்வீர்கள். என் மனத்தை உறுத்துவது ஒரே ஒரு பாத்திரம்: படித்த சிறைக்காவலன். ஹக்ஸ்லி 1932ல் எழுதிய நாவலில் உலகத்தை ஆள்பவர்களில் ஒருவனான முஸ்தபா மாண்ட் ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவன். ஜனங்களுக்குப் பழைய புத்தகங்கள் கூடாது என்று தடுத்துத் தான் மட்டும் இரும்புப் பெட்டியில் வைத்துக் கொண்டவன். பிராட்பரியின் 'பாரன்ஹீட் 451' நாவலில் புத்தகங்களைக் கொளுத்தும் படையின் தலைவன் பீட்டி, கொளுத்திய புத்தகங்களிலிருந்தே மேற்கோள்களை அருவியாகக் கொட்டுகிறான். ஆர்வெல்லின் நாவலில் வரும் ஓ'பிரையன், வதைக்கூடத்தில் நின்றுகொண்டு தத்துவம் போதிக்கிறான். மூடர்கள் அல்ல ஐயா இவர்கள்! படித்தவன் பாதகம் செய்தால் எத்தனை நயமாகச் செய்வான் என்பதை இந்த மூன்று ஆசிரியர்களும் கண்டுகொண்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக என் மனம் ஒப்பவில்லை. இவையெல்லாம் அவநம்பிக்கையைப் பரப்பும் இலக்கியம், வாலிபர்கள் நெஞ்சில் விஷத்தை வார்ப்பவை என்று மேடைதோறும் முழங்குகிற சிலர் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், இந்த ஊரில் அவர்களைத் தெரியாதவர் இல்லை. இன்னும் சிலரோ ஆர்வெல்லை எதிர்க்கட்சியை அடிக்கும் கோலாக மட்டும் கையில் எடுக்கிறார்கள். தங்களைப் பற்றிய பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்! அந்த மனிதர் யார்? நம் பீகாரில் மோதிஹாரியில் 1903ல் பிறந்தவர். சோஷலிஸ்ட் என்று தம்மைக் கடைசி வரையில் சொல்லிக் கொண்டவர். ஸ்பெயின் தேசத்துக்குப் போய் பாசிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்டு, 1937ல் தொண்டையில் குண்டு வாங்கியவர். தாம் நேசித்த லட்சியத்தின் பெயராலேயே அக்கிரமம் நடப்பதைக் கண்டு, அந்த வேதனையிலே எழுதியவர். அவரைச் சொந்தம் கொண்டாட வேண்டுமானால் முதலில் தன் கட்சியைக் கேள்வி கேட்கும் நெஞ்சுரம் வேண்டும்! இருக்கிறதா? அவர்கள் நாளைக்கு இதே மேடைக்கு வந்து பதில் சொல்லட்டும்!

அந்த ஆர்வெல் 1948ல் ஸ்காட்லாந்தை ஒட்டிய ஜூரா என்ற தீவிலே க்ஷயரோகத்தோடு கிடந்தார். நாவல் முடிந்தது, கையெழுத்துப் பிரதியோ திருத்தங்கள் மண்டி வேறெவருக்கும் புரியாத நிலையில் இருந்தது. டைப் அடிக்க ஓர் ஆளைத் தேடினார். அந்தத் தொலைதூரத் தீவுக்கு வர எவரும் கிடைக்கவில்லை. ஜுரத்தோடு படுக்கையில் சாய்ந்து, அவரே முழு நாவலையும் அடித்து முடித்தார். 1949 ஜூன் மாதம் புத்தகம் வெளிவந்தது. 1950 ஜனவரியில் ஆசிரியர் போய்விட்டார். பிராட்பரியோ, பாரன்ஹீட் நாவலின் முதல் வடிவத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், அரைமணிக்குப் பத்து சென்ட் போட்டால் ஓடும் வாடகை டைப்ரைட்டரில் அடித்தார். மார்கரெட் அட்வுட், 1984ல், சுவர் சூழ்ந்த மேற்கு பெர்லினில் இருந்துகொண்டு, ஜெர்மன் விசைப்பலகை கொண்ட ஒரு வாடகை டைப்ரைட்டரில் தம் நாவலை ஆரம்பித்தார். பெண்கள் வாசிப்பதே குற்றமாகிவிட்ட தேசத்தின் கதை அது. மனித சரித்திரத்தில் எங்கேனும் நடந்திராத எந்தக் கொடுமையையும் அதில் சேர்ப்பதில்லை என்று விரதம் பூண்டு எழுதினார். அந்தக் கதையைச் சொல்லும் பெண்ணின் சொந்தப் பெயரை ஆசிரியர் நமக்குச் சொல்லவே இல்லை. பாருங்கள், மறுபடியும் ஒரு பெயரில்லாதவள்!

கதைதானே என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 1983ல் ருமேனியாவில் சௌஷெஸ்கு அரசாங்கம், டைப்ரைட்டர் வைத்திருப்பவர்கள் அதைப் போலீசில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டமே போட்டது! பீரங்கிக்கும் விமானத்துக்கும் சொந்தக்காரர்களான ஆட்சியாளர்கள் என் டைப்பிஸ்டுக்குப் பயந்தார்கள்!

இன்னொன்று. 1938, 39 வாக்கில் லெனின்கிராடில் அன்னா அக்மதோவா என்ற கவியரசி, மகனைச் சிறைக்குப் பறிகொடுத்துவிட்டு, சிறைவாசலில் மாதக்கணக்கில் வரிசையில் நின்று, அந்தத் துயரத்தைக் கவிதையாக வடித்துக் கொண்டிருந்தார். வீட்டில் ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற அச்சம். தோழி லிதியா சுகோவ்ஸ்கயா வந்தால், தேநீர் சாப்பிடுகிறாயா என்று உரக்கக் கேட்டுக்கொண்டே ஒரு துண்டுத்தாளில் வரிகளை எழுதி நீட்டுவார். தோழி மௌனமாக நெட்டுரு செய்துவிட்டுத் திருப்பித் தருவாள். உடனே தாள் சாம்பல் கிண்ணத்தில் எரியும். அந்தக் காவியம் இப்படிச் சில நெஞ்சங்களில் மட்டுமே வருஷக்கணக்கில் உயிர் வாழ்ந்து, 1963ல்தான் முதன்முதலாக மியூனிக்கில் புத்தகமாயிற்று. பிராட்பரியின் நாவலில், நகரத்துக்கு வெளியே ஒவ்வொருவராக ஒரு புத்தகத்தை மனப்பாடம் செய்து காப்பாற்றும் மனிதர்கள் வருகிறார்களே, அந்த நாவல் பிரசுரமானது 1953ல்! அவர் கற்பனை என்று எழுதியதை அந்தப் பெண்கள் அதற்கு முன்பே செய்து முடித்திருந்தார்கள்!

நேரமாகிறது என்று கூட்டத் தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு விண்ணப்பம். இந்த நூலகத்தில் நான் சொன்ன நாவல்களில் சில இருக்கின்றன, பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள். சாவி கேட்டு ஒரு பையன் வந்தால், எதற்கு என்று விசாரிக்கிறார்களாம். அந்த விசாரணை வேண்டாம். நாளைக் காலையிலேயே அவற்றை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கத்தக்க புத்தகங்களின் அலமாரியில் வையுங்கள். பிரதி தொலைந்தால் பணம் நான் கட்டுகிறேன்.