சோழமண்டலத்துக் கனவோவியர் இராமானுஜம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் ஓர் அரிய காட்சியைக் காட்டுகிறார். திருப்பரங்குன்றம் சென்றோர் அங்கிருந்த ஓவியக் கூடத்தில் நின்று, தீட்டப்பட்டிருப்போர் யார் யார் என வினவுகின்றனர். அறிந்தோர், இவள் இரதி, இவன் காமன், இவள் அகலிகை என விளக்குகின்றனர். பாண்டியன் ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றே பெயர் பெற்றான். ஓவியத்தின் முன் நின்று வினவுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும் இன்றைய கவிஞருள் எத்தனை பேர் அவ்வாறு நிற்கின்றனர் என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

நிற்க விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களோடும் நண்பர்களோடும் 1966இல் அதனை உருவாக்கினார். ஓவியத்தை மட்டும் நம்பி வாழ இயலாத காலம் அது. எனவே, துணிகளில் பாத்திக் வேலைப்பாடு முதலிய கைவினைகள் செய்து விற்று, அப்பொருளைக் கொண்டு அவர்கள் நிலம் வாங்கினர். கலைஞர் தம் கையுழைப்பால் தமக்கென அமைத்த ஊர் எனலாம். 2009இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்திற்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது.

அங்கே பணிக்கரின் படைப்புகளைத் தேடிச் செல்வோர் பலர். கே. இராமானுஜத்தைத் தேடிச் செல்வோர் சிலரே. அவர் சென்னையில் பிறந்தவர். பேச்சுத் தடையும் மனநோயும் உடையவர். பள்ளிக் கல்வி அவருக்குக் கைகொடுக்கவில்லை; பணிக்கர் அவருடைய கோடுகளில் இருந்த ஆற்றலை உணர்ந்து ஆதரித்தார். சோழமண்டலத்தில் வாழ்ந்து, முப்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, 1973இல், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் ஓவியங்களில் மாட மாளிகைகள் அடுக்கடுக்காக எழுகின்றன. கோபுரமா, அரண்மனையா, நாடக அரங்கா எனத் தெளியவொண்ணாத கட்டடங்கள். அவற்றினூடே பாம்புகள், சிறகுடைய உயிர்கள், அணங்கனைய மகளிர். மைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, தாளில் வெற்றிடம் அருகிவிடுகிறது. அவற்றிடையே தொப்பி அணிந்த ஓர் உருவம் அடிக்கடி தோன்றும். அவ்வுருவம் ஓவியரே. உலகியல் வாழ்வில் எளிய இருப்பிடத்தில் ஒதுங்கி இருந்தவர், தாம் தீட்டிய நாட்டில் விருந்தினராகவும் வேந்தராகவும் உலவுகிறார். நாவில் தடைப்பட்ட சொல் கோட்டில் தடையின்றி ஓடியது.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். துன்பமே அவரைக் கலைஞராக்கிற்று எனப் பாடுதல் கவிஞர்க்கு எளிது. அது உண்மையுமன்று, அறமுமன்று. நோய் அவருக்குக் கோட்டைத் தரவில்லை. அக்கோட்டை இடைமுறித்ததே நோய்தான். அவரைக் கலைஞராக்கியவை பயிற்சியும், ஒரு நல்லாசிரியரின் கண்ணும், உடன் வாழ்ந்தோர் அளித்த இடமுமே. அவ்விடமும் அவர் உயிரைக் காக்கப் போதவில்லை என்பது நம் நெஞ்சை உறுத்த வேண்டிய செய்தி. நம்மிடையே தனித்து எழுதும் இளைஞரின் கவிதையைக் கேட்பதோடு நில்லாமல், அவர் நலனையும் கேட்டறிதல் கழகத்தார் கடமை.

மற்றொன்றும் உண்டு. அவர் மறைந்தபின் அவர் தாள்கள் குப்பையாகப் போயிருக்கக் கூடும். எடுத்து வைத்தவர்கள் இருந்தமையால் அவை இன்று நம் கண்முன் நிற்கின்றன. மறைமலை அடிகள் வாழ்நாளெல்லாம் தொகுத்த நூல்களும் அவ்வாறே காக்கப்பெற்று, 1958இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூல்நிலையமாயின. அவர் பெயர் தாங்கிய இவ்வூரில், தொழிற்சாலைப் பணிமுறை முடிந்து இரவில் எழுதுவோர் உளர். அவர்தம் கையெழுத்துப் படிகளைத் தேடித் தொகுத்து ஓர் அலமாரியிலேனும் பேணுதல், பதினோராம் ஆண்டில் இக்கழகம் மேற்கொள்ளத்தக்க முதற்பணியாகும். பெரும்புகழ் வரும்வரை காத்திருந்தால் தாள் காத்திராது.

ஒரு விடுமுறை நாளில் அன்பர்கள் ஈஞ்சம்பாக்கம் சென்று வருக. பரிபாடல் மாந்தரைப் போல் நின்று வினவுக. தொப்பி அணிந்த அவ்வுருவம் விடை கூறும்.