கொண்டு சேர்த்த பிறகு

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, விடியுமுன்னே பஸ் ஏறி வந்து இந்த வெயிலில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பெற்றோரே,

விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று உங்கள் பட்டத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நர்சிங் முடித்தவர்கள், லேப் டெக்னீஷியன்கள், என்னைப் போல விலங்கியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தவர்கள் எனப் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தோம். சில வாரப் பயிற்சி, அப்புறம் வண்டி. மீதியை ரோடு கற்றுக்கொடுத்தது. நீங்கள் எங்களைவிட நன்றாகப் படித்து வருகிறீர்கள். அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

இப்படிப்பட்ட மேடைகளில் தொண்டு, தியாகம், கடவுளுக்கு அடுத்தபடி என்றெல்லாம் பேசுவது வழக்கம். அந்தச் சொற்களை நான் இன்று பேசப்போவதில்லை. அவற்றைச் சொல்லியே எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக நீட்டுவதை இத்தனை வருஷமாகப் பார்த்துவருகிறேன். நான் பேச வந்தது இந்த வேலையில் வரும் ஆற்றாமையைப் பற்றி. இரண்டாவது வருஷத்திலோ மூன்றாவது வருஷத்திலோ அது உங்களைத் தேடி வரும். வரும்போது அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தம் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ரத்தம் பழகிவிடும். சம்பளக் குறைவு, ஒப்பந்த வேலை, தீபாவளியன்றும் டியூட்டி, சைரன் போட்டாலும் நகராத கார், விளையாட்டுக்கு வரும் போன், குடித்துவிட்டு நம்மையே அடிக்க வரும் ஆள் என்று குறைகள் நிறைய உண்டு. இவற்றுக்குச் சட்டமும் இருக்கிறது, சங்கமும் இருக்கிறது. அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தினார்கள். இந்தக் குறைகளுக்காகப் போராடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் நல்ல வேலைக்காரர்கள் வேலையை விட்டுப் போனபோது அவர்கள் என்னிடம் சொன்ன காரணம் பெரும்பாலும் வேறாக இருந்தது. அது ஆஸ்பத்திரி வாசலில் நடப்பது.

ஒரு கேஸைச் சொல்கிறேன். மழைக்காலம், நள்ளிரவு தாண்டிய நேரம். தரையில் பாய் போட்டுத் தூங்கிய ஒரு பெண், வயது முப்பது இருக்கும், வயிற்று வலியோடு எழுந்திருக்கிறாள். வாய்வு என்று ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. சுண்டுவிரல் ஓரத்தில் ஊசி குத்தியது போல ஏதோ ஒன்று, டார்ச் அடித்தால்தான் தெரியும். தரைப் படுக்கை, மழை இரவு, வயிற்று வலி மூன்றும் சேர்ந்தால் கட்டுவிரியனை நினைக்க வேண்டும் என்பது உங்களுக்கு இன்று பாடம். வண்டியில் ஏற்றிக் கொஞ்ச தூரம் போவதற்குள், எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது என்றாள். “கண்ணை நல்லாத் திறந்து என்னைப் பாரும்மா” என்றேன். நெற்றி சுருங்கியது, புருவம் மேலே ஏறியது, இமை மட்டும் எழவில்லை. மணி மூன்று பத்து. என் பேன்ட் தொடையில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் துண்டில் பேனாவால் எழுதினேன். மூன்றரைக்குக் குரல் மூக்கால் வந்தது. அதற்குப் பிறகு எச்சில் விழுங்க முடியவில்லை, சக்‌ஷன் போட்டுக்கொண்டே இருந்தேன். மூச்சு மேலோட்டமானதும், அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கைக் கையில் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுதினேன்.

கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் ஒருவர், அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். “பாம்புக்கடி சார், நியூரோ, இமை மூணு பத்துக்கு...” என்று தொடங்கினேன். கடிவாய் எங்கே, வீக்கமே இல்லையே, சரி அங்கே படுக்க வையுங்கள் என்றார். அந்த மனிதர் முந்தின நாள் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார், அவரை நான் குறை சொல்லவில்லை. டிராலி காலி இல்லாததால் எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே அவள் கிடந்தாள், நான் ஆம்புவை அழுத்திக்கொண்டே நின்றேன். சிஸ்டர் வந்து ஆம்புவை வாங்கிக்கொண்டார். கன்ட்ரோல் ரூமிலிருந்து, வண்டி ஓட்டும் பைலட்டுக்கு அடுத்த கேஸ் வந்துவிட்டது. நேரமெல்லாம் எழுதிய கேஸ் ஷீட்டின் நகலை மடித்துத் தலைமாட்டில் வைத்தேன். அதை யாராவது பிரித்துப் படித்தார்களா, தெரியாது. அடுத்த டியூட்டியில் போய் விசாரித்தேன். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அவள் பிழைத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அந்த இமை எப்போது இறங்கியது, குரல் எப்போது மாறியது என்பதைப் பார்த்தது உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தியால் பேச முடியவில்லை. இன்னொருவர் பேசியதை யாரும் கேட்கவில்லை. விஷம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, வென்டிலேட்டர் எப்போது தேவைப்படும் என்று வார்டில் முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்த நேரங்கள் வேண்டும். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு நாம்தான் சாட்சி. வாசலில் நம்மைக் கேட்காமல் விடும்போது நமக்கு அவமானமாக இருக்கும், கோபம் வரும். அந்தக் கோபத்தை மரியாதைப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு வழியில் போனார்கள். சிலர் சண்டை போட்டார்கள், பலர் வாயை மூடிக்கொண்டார்கள். வாயை மூடியவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அவர்கள் கொஞ்ச நாளில் நேரம் எழுதுவதை நிறுத்தினார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று எல்லாக் கேஸுக்கும் ஒரே பி.பி., ஒரே பல்ஸ் எழுதினார்கள். அப்போது இழப்பு நோயாளிக்கு. ஆகவே இதை நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பேசுங்கள். டாக்டர்களும் அந்த மொழியைத்தான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இரண்டாவது, முடிவு தெரியாமல் வேலை செய்வது. கொத்தனார் தான் கட்டிய வீட்டை அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் பார்க்கிறார். நமக்கு அது இல்லை. இதயம் நின்றவருக்கு மார்பு அழுத்தமும் டிஃபிப்ரிலேட்டர் ஷாக்கும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் வரை குறைகிறது என்று படித்திருக்கிறீர்கள். நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம், அதுவும் குலுங்கும் வண்டியில். தோள்பட்டை விட்டுப்போகிற அளவுக்கு அழுத்தி, நாடி திரும்பி, கொண்டு சேர்க்கிறோம். கதவு மூடுகிறது. நம் அழுத்தம் சரியாக இருந்ததா? நாம் போட்ட காலர் கழுத்தைக் காப்பாற்றியதா? சொல்ல ஆளில்லை. பதில் வராத கேள்விகள் ராத்திரியில் தூக்கத்துக்குள் வரும். தவறு செய்திருந்தால் திருத்திக்கொள்ள வழியில்லை, சரியாகச் செய்திருந்தால் அதுவும் தெரிவதில்லை. கற்றுக்கொள்ள முடியாத வேலை எதுவாக இருந்தாலும் மனிதனை உள்ளே காயவைத்துவிடும். நம் தொழிலில் ஆட்கள் நிலைக்காததற்கு இதுவே முதல் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் குறையைத் தீர்க்க முடியும் என்பதற்கு, உங்கள் தொழில் பிறந்த இடங்களில் ஒன்றைப் பாருங்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹில் என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதி. 1960-களில் அங்கே யாராவது விழுந்தால் போலீஸ் வண்டி வந்து அள்ளிப் போட்டுக்கொண்டு போகும், வந்தால் உண்டு. 1967-ல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பும் டாக்டர் பீட்டர் சஃபாரும் சேர்ந்து அந்தப் பகுதி இளைஞர்களையே பயிற்றுவித்தார்கள். இன்று நாம் செய்யும் சி.பி.ஆர். முறையை உருவாக்கியவர்களில் சஃபார் ஒருவர். 1966-ல் ஆஸ்துமாவில் தன் மகளை இழந்தவர். வேலை கிடைக்காதவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்கள் சுமார் முந்நூறு மணி நேரம் படித்து, அந்த நாட்டின் தலைசிறந்த அவசரச் சிகிச்சைப் பணியாளர்களில் இடம்பிடித்தார்கள். பின்னால் டாக்டர் நான்சி கரோலின் அவர்களுக்குப் பொறுப்பேற்றார். வண்டியில் கூடவே போனார், கேஸ் முடிந்ததும் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று உட்கார்ந்து பேசினார். அந்த அனுபவத்திலிருந்துதான் பாராமெடிக்குகளுக்கான முதல் பெரிய பாடநூல்களில் ஒன்றை அவர் எழுதினார். உங்கள் நூலகத்தில் அவர் பெயரோடு இன்றும் அதன் புதிய பதிப்புகள் இருக்கின்றன.

1975-ல் நகர நிர்வாகம் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. இந்தத் தொழிலின் முன்னோடிகளையே புதுத் தேர்வு, புது விதி என்று வைத்துப் பெரும்பாலும் வெளியேற்றினார்கள். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூடவே வந்து, கேஸைக் கேட்டு, திருத்திச் சொல்ல ஒருவர் இருந்தபோது அவர்கள் எவ்வளவு உயரம் போனார்கள்! அந்த ஏற்பாட்டை நம் ஊரில் இன்னும் நாம் முழுசாகச் செய்யவில்லை.

நம் ஊரில் எதுவும் மாறாது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் உயிரைப் பார், போலீஸ் விவகாரம் பிறகு என்று 1989-லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியும் விபத்தில் அடிபட்டவரோடு தனியார் மருத்துவமனை வாசலில் நின்று, பணம் யார் கட்டுவார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த இரவுகள் எங்களுக்கு உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்றுக்கொண்டது. சாலை விபத்தைப் பொறுத்தவரை அந்தப் பேச்சுவார்த்தை பெருமளவு குறைந்தது. அதே 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் அவசரச் சிகிச்சைத் தொழில்நுட்பவியலாளருக்கும் இடம் இருக்கிறது. பதிவேடு, படிப்புத் தரம், பதவி உயர்வுக்கான படிகள் என்று கேட்பதற்கு எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. உங்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. அதை வாங்கிப் படியுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

சரி, ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் என்ன செய்யலாம்? வயது, என்ன நடந்தது, எப்போது, நாம் பார்த்தது, கொடுத்தது, வழியில் மாறியது. எந்தக் கேஸாக இருந்தாலும் இதே வரிசையில் ஒரு நிமிஷத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். ‘சீரியஸ் கேஸ் சார்’ என்று தொடங்காதீர்கள், அங்கே எல்லாமே சீரியஸ்தான். ‘மூச்சு நிற்கப் போகிறது சார், ஆம்புவில் இருக்கிறார்’ என்று தொடங்குங்கள், தலை திரும்பும். ஷீட்டைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். கையில் கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தும் நேரமும் வாங்குங்கள். டாக்டர் கோபப்பட்டால் படட்டும், இரண்டாவது தடவை நிதானமாகச் சொல்லுங்கள். கூட வரும் பைலட் அண்ணனையும் மறந்துவிடாதீர்கள். அவரும் அதே கேஸைத்தான் சுமக்கிறார், அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. டீக்கடையில் வண்டி நிற்கும்போது கேஸைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நைட் டியூட்டி முடித்து வந்த பிள்ளையைப் பகலில் தூங்க விடுங்கள், கல்யாணம் காதுகுத்து என்று எழுப்பாதீர்கள். என்ன கேஸ் என்று துருவாதீர்கள், தானாகச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக ஓர் ஏற்பாடு. இந்தக் கல்லூரியின் அவசரச் சிகிச்சைத் துறைத் தலைவரிடம் போன மாதம் பேசினேன், மறுக்காமல் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, இந்தக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நீங்கள் கொண்டுவந்து சேர்த்த கேஸ்களின் ஷீட்டுகளோடு உட்காருவோம். அந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று வார்டு ரிக்கார்டைப் பார்த்து டாக்டர்களே உங்களுக்குச் சொல்வார்கள். நோயாளியின் பெயர் வெளியே போகாது, யாரையும் குற்றம் சாட்டவும் மாட்டோம். பைலட்டுகளும் வரலாம். வேறு மாவட்டத்தில் வேலைக்குச் சேர்பவர்கள் அங்கே இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியில் இதையே கேளுங்கள். கடிதம் எழுத வேண்டுமென்றால் மாதிரி என்னிடம் இருக்கிறது. முதல் கூட்டம் வரும் மாதம், இரண்டாம் மாடி செமினார் அறையில். ஷீட் நகலை மறக்காமல் எடுத்து வாருங்கள்.