கடலுக்கு அப்பால் கற்ற மிருக வைத்தியம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



மன்னார்த் தீவில் வளர்ந்த எங்களுக்குக் கழுதை புதிதல்ல. பிளாஸ்டிக் பை தின்று வயிறு வீங்கியும், வாகனத்தில் அடிபட்டும் அவை தெருவோரம் கிடப்பதைப் பார்த்தபடிதான் பள்ளிக்கு வந்தோம். மிருக வைத்தியம் படிக்கப் போகிறோம் என்றபோது, "மாட்டு டொக்டருக்கோ இவ்வளவு செலவு?" என்று உறவினர் சிரித்தனர்.

நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் நாட்டில் அதற்கான பீடம் பேராதனையில் மட்டுமே இருந்தது. வெட்டுப்புள்ளி சிறிதளவில் தவறியது. ஆகவே, 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடினோம். ஒருத்தியின் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். மற்றவளின் அப்பா வள்ளத்து எஞ்சினை விற்றார்.

அங்கும் தமிழ்தானே என்று போனோம். வகுப்பெல்லாம் ஆங்கிலம். தொழுவத்திலோ வேறு தமிழ். மாட்டுக்குக் 'கோமாரி' என்று ஒரு விவசாயி சொன்னபோது விழித்தோம். கால், வாய் நோயைத்தான் அவர் சொன்னார். ஐந்தரை ஆண்டுப் படிப்பில் கடைசி ஓராண்டு உள்ளகப் பயிற்சி. இரவில் கன்று ஈன முடியாத பசுவுக்கு முழங்கை வரை கைவிட்டு உதவியபோதுதான் பயம் போனது.

எங்களுக்கு முன்பே வழி வெட்டியவர்கள் உண்டு. அலீன் கஸ்ட் என்ற அயர்லாந்துப் பெண் 1900இல் படிப்பை முடித்தும், பிரித்தானியாவில் அங்கீகாரம் பெற 1922 வரை காத்திருந்தார். இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர் சக்குபாய் ராமச்சந்திரன் எங்கள் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்றவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர்தான். 1964 புயலுக்கு முன் இருந்த கப்பல் சேவை எங்கள் காலத்தில் இல்லை. எங்களில் ஒருத்தியின் அப்பா இறந்த செய்தி பரீட்சை நாளில் வந்தது. விமானம் ஏறி, கொழும்பிலிருந்து பேருந்தில் பேசாலை வந்து சேர்ந்தபோது, அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. வெளிநாட்டுப் படிப்பின் விலையில் இதுவும் அடங்கும்.

அந்தக் கடலை நோய்கள் எளிதாகத் தாண்டும். 1987இல் இந்தியாவிலிருந்து வந்த ஆடுகளோடு மாட்டு வெக்கை நோய் இலங்கைக்குள் மீண்டும் நுழைந்தது. அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆடும் மாடும் வளர்க்கும் நம் மக்களுக்கு வைத்தியர் தேவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தங்கைமாரே, போக விரும்பினால் மூன்றைச் செய்யுங்கள். அந்தப் பட்டத்தை இங்கு ஏற்பார்களா என்று மிருக வைத்தியர் சபையிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு முகவரின் வாய்ச்சொல்லை நம்பி நாங்கள் வீணாய் அலைந்தோம். முதலாண்டுச் செலவை மட்டுமல்ல, முழுக் காலச் செலவையும் வீட்டாரோடு இருந்து கணக்கிடுங்கள். ஆங்கிலத்தை இங்கேயே பழகுங்கள்.

அடகு வைத்த கொடியை எங்கள் சம்பளத்தில் மீட்டோம். எஞ்சினை வாங்கிக் கொடுக்க அப்பா இல்லை. அந்தப் பணத்தை அடுத்துப் போகும் பிள்ளையின் பயணச் செலவுக்கென இன்று பழைய மாணவிகள் சங்கத்திடம் ஒப்படைக்கிறோம்.

நூறு ஆண்டு கண்ட எங்கள் பள்ளித்தாய் வாழ்க.