மாமல்லைப் பாறையும் மக்களின் கேள்வியும்

(அறக்கட்டளையின் திருவிழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

 

பண்பாட்டை ஆராய்வது கற்றறிந்தோர் தொழில் என்றும், அவர்கள் கண்டு சொல்வதைக் கேட்டுக்கொள்வது ஏனையோர் கடமை என்றும் ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால், கோயிலுக்குச் செல்பவர், கூத்துப் பார்ப்பவர், திருமண வீட்டில் சடங்கைக் கண்டு ‘இது எதற்கு?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பவர் ஆகிய எல்லோருமே பண்பாட்டை எடைபோடுகிறவர்கள்தாம். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஒரு பெரும்பாறையே போதும்.

7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பிகள் செதுக்கிய அப்பாறைச் சிற்பம் ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் உடையது. 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மாமல்லபுரச் சிற்பத் தொகுதியில் அதுவும் அடங்கும். பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவு, அப்பிளவில் நாகர்கள், இருமருங்கிலும் வானவர், முனிவர், யானை, சிங்கம், மான், குரங்கு எனப் பல்லுயிர்க் கூட்டம். பிளவின் அருகே எலும்பு தெரிய மெலிந்த ஒரு தவசி ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தியிருக்கிறார். அவர் யார் என்று எழுதிய கல்வெட்டு எதுவும் அங்கே இல்லை. அதனாலேயே அவர் யார் என்ற கேள்வி இன்றளவும் உயிரோடு இருக்கிறது.

ஊர்மக்கள் அதற்கு முதலில் விடை கண்டார்கள். ‘அர்ச்சுனன் தபசு’ என்று பெயரிட்டார்கள். தொண்டைமண்டலத்து ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழாவின்போது பகலில் பாரதம் படிப்பதும் இரவில் கூத்தாடுவதும் நெடுநாள் வழக்கு. அவ்விழாவில் ஒருநாள் வெட்டவெளியில் உயர்ந்த தபசு மரம் ஒன்றை நடுவர். அர்ச்சுனன் வேடம் பூண்டவர் பாடிக்கொண்டே அதன்மேல் ஏறி, உச்சியில் வழிபாடு செய்து, எலுமிச்சம்பழம் முதலியவற்றைக் கீழே வீசுவார். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்திக் காத்திருப்பர். இக்காட்சியை ஆண்டுதோறும் கண்டு பழகியவர்கள், கைகளை உயர்த்தி நிற்கும் தவசியைக் கல்லில் கண்டபோது அவரை அர்ச்சுனன் என்று அடையாளம் கண்டதில் வியப்பில்லை. தெரிந்ததைக்கொண்டு தெரியாததை அறிவதை நூலோர் அனுமானம் என்பர்; ஊர்மக்கள் செய்ததும் அதுவே. அவ்வூர் ஒற்றைக்கல் கோயில்கள் ஐந்தும் பாண்டவர் பெயராலும் திரௌபதி பெயராலும் இரதங்கள் என வழங்குவதும் இவ்வாறே. திரௌபதி இரதத்தினுள் நிற்பது கொற்றவை. பெயர் பொருந்தவில்லை, ஆயினும் பெயரிட்டவர் மனம் உறங்கியிருக்கவில்லை.

பின்னர் அறிஞர்கள் வந்தனர். 1914இல் விக்டர் கோலுபெவ் என்னும் அறிஞர், இது கங்கை மண்ணுக்கு இறங்கிய கதை என்றும், தவம் செய்பவன் பகீரதன் என்றும் எழுதினார். நடுப்பிளவே ஆறு என்பதும், நீரில் வாழும் நாகர்கள் அதில் இருப்பதும் அவர் கருத்துக்கு வலுவூட்டின. தொல்லியல் அறிஞர் டி. என். இராமச்சந்திரன் அர்ச்சுனன் கதையே பொருந்தும் என்று வாதிட்டார். இரண்டு கதைகளையும் ஒருங்கே குறிக்கும்படி பல்லவர் வேண்டுமென்றே அமைத்தனர் என்பாரும் உளர்.

இவ்விடத்தில்தான் சமணக் குடும்பங்கள் உன்னிப்பாகக் கேட்க வேண்டிய செய்தி வருகிறது. 1950ஆம் ஆண்டு மயிலை சீனி. வேங்கடசாமி ‘மகாபலிபுரத்து ஜைன சிற்பம்’ என்னும் நூலை வெளியிட்டார். அவர் சமண சமயத்தில் பிறந்தவர் அல்லர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அஜிதநாதர் புராணத்தில் வரும் சகர சக்கரவர்த்தியின் வரலாறே அப்பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது என்பது அந்நூலின் கருத்து. சகரனின் புதல்வர்கள் கயிலை மலையைச் சுற்றி அகழி தோண்டிக் கங்கை நீரை அதில் பாய்ச்சியதும், நாகரின் சினத்துக்கு ஆளானதும், பகீரதன் பெயர் அவ்வரலாற்றில் இடம்பெறுவதும் சமணர் அறிந்தவை. மலை, ஆறு, நாகர் ஆகிய மூன்றும் பாறையிலும் இருக்கின்றன.

இதைக் கேட்டவுடன் உள்ளம் பூரிக்கிறது. உலகமே வியந்து பார்க்கும் சிற்பம் சமணச் சிற்பம் என்றால் பூரிக்காமல் என்ன செய்யும்? இன்று வாட்சப்பில் இத்தகைய செய்தி ஒன்று வந்தால், படித்து முடிக்கும் முன்பே பத்துப் பேருக்கு அனுப்பிவிடும் கை பல வீடுகளில் உண்டு. சிந்திக்கும் மனத்துக்குச் சோதனை அங்கேதான் தொடங்குகிறது. பிறர் கூற்றை ஆராய எவருக்கும் தயக்கம் இருப்பதில்லை. தன் குலத்துக்குப் பெருமை சேர்க்கும் கூற்றையும் அதே துலாக்கோலில் நிறுத்துப் பார்ப்பவர் சிலரே.

நிறுத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? தவசியின் அருகில் நான்கு கைகளுடன், பூதகணங்கள் சூழ நிற்பவரைச் சிவபெருமான் என்றே பெரும்பாலான அறிஞர் கொள்கின்றனர். கீழேயுள்ள சிறு கோயிலினுள் இருப்பது திருமால் உருவம். தீர்த்தங்கரர் திருவுருவம் ஒன்றுகூட அப்பாறையில் இல்லை. இவை சமண விளக்கத்துக்கு நேரும் இடர்கள். ஏனைய விளக்கங்களுக்கும் இடர் இல்லாமல் இல்லை. அர்ச்சுனன் என்றால், அவனும் வேடனாய் வந்த சிவனும் பொருத காட்சி எங்கே? பகீரதன் என்றால், கங்கையைச் சடையில் ஏற்கும் காட்சி எங்கே? ஒவ்வொரு கருத்தும் பாறையின் ஒரு பகுதியை விளக்குகிறது. மற்றொரு பகுதியில் தடுமாறுகிறது.

அநேகாந்தம் என்னும் கொள்கை இங்கே கைகொடுக்கிறது. எல்லாரும் சொல்வது சரி என்று தலையாட்டிவிட்டுப் போவதற்கு அக்கொள்கை தோன்றவில்லை. எந்த நோக்கில், எந்த அளவுக்கு, எந்தச் சான்றின்மேல் ஒரு கூற்று உண்மையாகிறது என்று வரையறுத்துச் சொல்லும்படி அது கேட்கிறது. வேங்கடசாமியின் நூலை அவ்வாறு படிப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. பாறையில் காணும் கதை சமணருக்கும் உரியதாக வழங்கியது என்பதை அவர் நினைவூட்டினார். அது அழியாத தொண்டு. பாறை சமணருக்கே உரியது என்று முடிவுகட்டுவது அவர் காட்டிய சான்றுகள் தாங்கக்கூடியதைவிடக் கனமான சுமை.

இனி, அதே பாறையில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் முதலில் கண்டுபிடிக்கும் உருவம் ஒன்று உண்டு. அது ஒரு பூனை. மேலே நிற்கும் தவசியைப் போலவே அதுவும் முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறது. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றித் திரிகின்றன. கங்கைக் கரையில் தவம் செய்வதுபோல் நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. உருத்திராட்சப் பூனை என்று ஊரார் போலித்துறவியை இகழும் வழக்கும் அதே கருத்தினது. திருக்குறளில் ‘தவம்’ என்பது 27ஆம் அதிகாரம். அடுத்து வரும் 28ஆம் அதிகாரம் ‘கூடாவொழுக்கம்’. தவத்தின் பெருமையைச் சொன்ன வாய் மூடுவதற்குள் பொய்த்தவத்தைக் கண்டிக்கிறது அந்நூல். பாறையிலும் அதே ஒழுங்குதான்: மேலே தவம், கீழே பொய்த்தவம். நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மனும் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தில் தன் காலத்து வேடதாரிகளை எள்ளி நகையாடினான். அரசன் நாடகத்தில் செய்ததைத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்கிறான். அரசன் கொலுவிருக்கும்போதே அவனை இடைமறித்துக் கேள்வி கேட்பதும், கதைக்கு நடுவே அன்றாட விலைவாசியை இழுப்பதும் அவனுக்குரிய உரிமை. சபை சிரிக்கிறது, சிரித்தவர்கள் வீடு திரும்பும்போது அக்கேள்வியையும் உடன் கொண்டுபோகிறார்கள்.

சமண இல்லறத்தார்க்கோ இவ்வாறு கேட்பது உரிமை மட்டுமன்று, நோன்பும் ஆகும். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டகமும், அதன்வழித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் துறவியர்க்கு எழுதப்பட்டவை அல்ல. சாவகர்க்கு, அதாவது குடும்பத்தில் வாழ்வோர்க்கு எழுதப்பட்டவை. நற்காட்சி உடையவர் மூன்று மூடங்களினின்று நீங்க வேண்டும் என்று அவை விதிக்கின்றன. ஊர் செய்வதால் தானும் செய்வது உலக மூடம். வரம் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துத் தெய்வத்தை வணங்குவது தேவ மூடம். பற்றை விடாதவரை வேடத்துக்காகப் போற்றுவது பாசண்டி மூடம். மூன்றாவது மூடத்தை அந்தப் பூனையின் காலடியில் கண்கூடாகக் காணலாம்.

ஆனால் இச்சொற்கள் கூர்மையானவை. கையாளும் திசை தவறினால் காயப்படுத்தும். உலக மூடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கடலாடுவதையும் மணல் குவிப்பதையும் இரத்தினகரண்டகம் குறிப்பிடுகிறது. மாசிமகத்தன்று இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து, மணலில் படி அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர் ‘மூடம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். கரையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்கு வேறு பலவும் தெரியும். குழந்தைக்கு முடியிறக்குகிறார்கள், காது குத்துகிறார்கள், பெண் கேட்கிறார்கள், மணம் பேசி முடிக்கிறார்கள். சிதறி வாழும் ஒரு மக்கள் கூட்டம் தன்னைத் தானே ஆண்டுக்கு ஒருமுறை கண்டுகொள்ளும் நாள் அது. ஏன் செய்கிறார்கள் என்று கேட்டறியாமல் தீர்ப்புச் சொல்வதும் ஒரு மூடமே.

மும்மூடம் பற்றிய பாடம் முதலில் தன் வீட்டை நோக்கித் திரும்ப வேண்டும். நோன்பு நோற்று முடித்ததும் படம் எடுத்துப் பலருக்கு அனுப்புகையில், அங்கே நிற்பது தவசியா, பூனையா? இயக்கியர்க்குச் செய்யும் வழிபாட்டில் எவ்வளவு பத்தி, எவ்வளவு பேரம்? கடன்பட்டுத் திருமணத்தை ஆடம்பரமாக நடத்துவது எந்த அறநூலில் உள்ளது? இவற்றைப் பேரப்பிள்ளை கேட்டால் ‘வாயை மூடு’ என்று அடக்காமல், தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைச் சேர்ந்து தேடுவதே அப்பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க சீதனம்.

நிறைவாக ஒரு சொல். மாமல்லபுரத்துப் பாறை சமணருடையதாக இல்லாமல் போனால் செங்கற்பட்டு மண்ணில் சமணத்துக்கு வேர் இல்லையோ என்று இளைஞர் எவரும் வருந்த வேண்டியதில்லை. அம்மாவட்டத்திலேயே ஓரத்தியை அடுத்த ஆனந்தமங்கலத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் இயக்கி உருவமும் பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. மதுரை கொண்ட முதற் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945இல் வெட்டப்பட்ட கல்வெட்டும் அங்கே உண்டு. சினகிரிப்பள்ளியில் அடியார் ஒருவர்க்கு உணவளிப்பதற்காக, வினபாசுர குரவடிகளின் மாணாக்கர் வர்த்தமானப் பெரியடிகள் ஐந்து கழஞ்சு பொன் அளித்ததை அக்கல்வெட்டு கூறுகிறது. இதில் ஊகம் இல்லை, வாதம் வேண்டியதில்லை. ஒருவர்க்கு ஒருவேளைச் சோறு என்னும் சிறிய அறம் ஓராயிரம் ஆண்டைக் கடந்து எழுத்தாகவே நிற்கிறது. சான்றுள்ள சிறுமை, சான்றில்லாப் பெருமையினும் மேலானது.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை இரு இடங்களுக்கும் அழைத்துச் செல்லுங்கள். மாமல்லபுரத்தில் விடையை முதலில் சொல்லாதீர்கள். ‘உனக்கு யார் மாதிரித் தெரிகிறது? எதனால்?’ என்று கேளுங்கள். ஆனந்தமங்கலத்தில் கல்வெட்டின் செய்தியை மட்டும் சொல்லி, அவ்வறத்தை இன்று எவ்வாறு தொடரலாம் என்று கேளுங்கள். கேட்டுப் பழகிய பிள்ளை எந்தப் பூனையின் தவத்துக்கும் எளிதில் இரையாகாது.