காரணத்தை எழுது, கெடுவை மதி

என்னை அழைத்த வாசகர் வட்டத்து நண்பர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் ஜவுளிக்காரர்களே, மஞ்சள் மண்டிக்காரர்களே, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் நின்றபடியே கேட்கும் தம்பிகளே, ஈரோட்டு மக்களே!

நோட்டீஸில் என் தலைப்பு 'சட்டமும் சாமானியனும்'. அதைப் பேசத்தான் பஸ் ஏறினேன். ஆனால் நேற்று இதே மைதானத்தில், இதே மைக்கில் ஒருவர் பேசியிருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்கு விளம்பரம். அந்தச் செலவை நான் ஏன் ஏற்க வேண்டும்? "தப்புப் பண்ணாதவனுக்கு அமலாக்கத் துறையைக் கண்டு என்னங்க பயம்?" என்று கேட்டாராம். நீங்களும் கைதட்டினீர்களாம்.

ஐயா, தப்புப் பண்ணாதவனுக்குத்தான் பயம். தப்புப் பண்ணினவன் போன மாதமே வக்கீலைப் பார்த்துவிட்டான். பண்ணாதவனுக்கு, வந்த நோட்டீஸுக்குப் பதில் போட ஒரு கெடு இருக்கிறது என்பதே தெரியாது.

கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அந்த நண்பருக்கும் ஒரு பங்கு தர வேண்டியிருக்கிறது.

அமலாக்கத் துறை கையில் இருப்பது சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம். 2002-ல் நிறைவேற்றினார்கள், 2005 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. போதைப்பொருள் பணம், ஊரை ஏமாற்றிச் சேர்த்த பணம், இதையெல்லாம் வெள்ளையாக்குகிறவனைப் பிடிக்க வந்த சட்டம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை நிதி நிறுவனத்தில் போட்டுத் தொலைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். அந்தக் கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஓடுவதற்குள் சொத்தை முடக்கத்தான் வேண்டும். அப்படிப் பிடித்ததில் சுமார் 22,000 கோடி ரூபாயை வங்கிகளுக்கும் ஏமாந்தவர்களுக்கும் திருப்பியதாக 2024 டிசம்பரில் மக்களவையில் நிதியமைச்சர் சொன்னார். மல்லையா கணக்கில் மட்டும் 14,000 கோடி. பாராட்டுவோம்! பாராட்ட வேண்டியதைப் பாராட்டினால்தான் கேட்க வேண்டியதைக் கேட்க முடியும்.

நான் கேட்பது இதுதான். அதே சட்டம் அதிகாரியின் கையையும் கட்டியிருக்கிறதே, அதை ஏன் அந்த நண்பர் சொல்லவில்லை?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவர் இருந்தார். பேர் சொன்னால் இங்கே பாதிப் பேர் எழுந்து நிற்பீர்கள். மேடையில் தன் பேர் வரக் கூடாது என்பது அவர் கட்டளை. யார் எந்த நோட்டீஸைக் கொண்டுவந்தாலும், அழுகையைக் கேட்பதற்கு முன்னால் தேதியைப் பார்ப்பார். "அவங்க பலம் சீல்ல இருக்குது. உன் பலம் தேதியில இருக்குது" என்பார்.

அவர் கணக்கிலேயே சொல்கிறேன், கேளுங்கள். சொத்தை முடக்குகிற அதிகாரி துணை இயக்குநர் பதவிக்குக் கீழே இருக்கக் கூடாது. இது குற்றத்தின் வழியாக வந்த சொத்து, விட்டால் மறைத்துவிடுவார்கள் என்று நம்புவதற்கான காரணத்தை அவர் எழுத்தில் வைக்க வேண்டும். மனதில் வைத்திருந்தால் போதாது. அந்த எழுத்தும் ஆதாரமும் சீல் வைத்த உறையில் உடனே அட்ஜுடிகேட்டிங் அத்தாரிட்டி என்கிற ஆணையத்துக்குப் போக வேண்டும். 30 நாளுக்குள் அங்கே புகார் போட வேண்டும். அந்த ஆணையம் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, பதில் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். இத்தனையும் முடித்து 180 நாளுக்குள் முடக்கத்தை உறுதி செய்யவில்லை என்றால், முடக்கம் தானாகவே செத்துப்போகும். உறுதி செய்துவிட்டால்? கோர்ட்டில் வழக்கு போடாமல், விசாரணை நடக்கிறது, நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு 365 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்தக் கெடு முதலில் 90 நாளாக இருந்தது. 2019-ல் இழுத்து 365 ஆக்கினார்கள். நமக்குக் கொடுத்த 30 நாளை யாராவது இழுத்தார்களா?

இன்னொன்று. காரணத்தை எழுதி வைக்காமல் ஒரு வீட்டில் சோதனை போட்டால், அந்த அதிகாரிக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 62-வது பிரிவு. கடைசி வரிசைத் தம்பி சிரிக்கிறார். சிரியுங்கள் தம்பி, சிரித்துக்கொண்டே நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பவானிப் பக்கம் ஒரு அம்மா. தம்பி ஏதோ கம்பெனியில் பங்குதாரர். தம்பி மேல் வழக்கு. அக்காள் வீட்டையும் சேர்த்து முடக்கி ஒரு காகிதம் வந்தது. அந்த அம்மா பயந்துபோய் வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். பாத்திரம் பண்டம் எல்லாம் டெம்போவில் ஏறிவிட்டது. நம் பெரியவர் போய் வாசலில் நின்று, "பாத்திரத்தை இறக்கும்மா" என்றார். "முடக்கினா விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது. குடியிருக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டார். 5-வது பிரிவிலேயே இருக்கிறது: முடக்கிய அசையாச் சொத்தை அனுபவித்து வருகிறவரை இந்த முடக்கம் தடுக்காது. அடுத்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "பத்திரம் எந்த வருஷம்?" தம்பி அந்தக் கம்பெனியில் சேருவதற்கு ரொம்ப முன்னாலேயே வாங்கிய வீடு!

இந்தக் கேள்வியைக் கேட்காமல்தானே மதுரை எரிந்தது?

யோசித்துப் பாருங்கள். பாண்டியன் சபைக்கு ஒரு பொற்கொல்லன் வருகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான். "கள்வன் அங்கே இருக்கிறான், சிலம்பு அவன் கையில் இருக்கிறது" என்கிறான். அரசனுக்கு அன்று என்ன அவசரம்? அரசியின் ஊடலைத் தீர்க்கிற அவசரம். எழுத்தில் காரணம் இல்லை. நோட்டீஸ் இல்லை. பதில் சொல்ல 30 நாள் வேண்டாம், 30 நாழிகையாவது கொடுத்தானா? பொருளும் போயிற்று, உயிரும் போயிற்று. கண்ணகி வந்து என்ன செய்தாள்? வெறும் அழுகையோடு வரவில்லை, சான்றோடு வந்தாள். அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். அரண்மனையில் களவு நடப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே, புகாரிலேயே, அந்தச் சிலம்பு அவள் காலில் இருந்தது! நாளைய களவுக்கு நேற்றைய சிலம்பு எப்படி ஐயா சாட்சியாகும்?

இப்போது தட்டுங்கள். அந்த நண்பர் பங்கையும் சேர்த்தே தட்டுங்கள்.

நான் கதை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் பாவனா திப்பூர் வழக்கில் இதைத்தான் சொன்னது. குற்றம் நடப்பதற்கு முன்னால் வாங்கிய சொத்து, அந்தக் குற்றத்தின் வழியாக வந்த சொத்தாக முடியாது. பெரியவரின் கேள்விதான்: பத்திரம் எந்த வருஷம்? ஆனால் அசல் பணம் அகப்படாவிட்டால் அதற்கு ஈடான மதிப்புள்ள சொத்தைத் தொடலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில் இன்னும் கோர்ட்டுகளில் சண்டை நடக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு இந்தத் துறையின் அதிகாரங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது, அதுவும் உண்மை. ஆனால் அதே தீர்ப்பில், பணம் வந்ததாகச் சொல்லும் மூலக் குற்றத்தில் விடுதலையானால் இந்த வழக்கும் நிற்காது என்று இருக்கிறது. பறிமுதல் உத்தரவு வருவதற்கு முன்பே சொத்தைக் கையில் எடுப்பது விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நேற்றுப் பேசியவர் முதல் பாதியைப் படித்தார். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தைப் பாருங்கள். மணல் குவாரி வழக்கில் நூறு கோடிக்கு மேல் முடக்கினார்கள். கனிமச் சட்டக் குற்றம் இந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லையே என்று 2024 ஜூலையில் அந்த முடக்கத்தை ரத்து செய்தது. சென்னையில் ஒரு மின் உற்பத்திக் கம்பெனியின் 901 கோடி டெபாசிட்டை முடக்கினார்கள். 2025 ஜூலையில் அதையும் ரத்து செய்தது. கண்ணில் பட்டதையெல்லாம் துருவ நீங்கள் சூப்பர் போலீஸ் இல்லை, நினைத்த இடத்தில் பாயும் ட்ரோனும் இல்லை என்றது. அதற்கு முந்தின மாதம், பூட்டிக் கிடந்த இடங்களுக்கு முத்திரை வைக்க அதிகாரம் சட்டத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டது. பூட்டை உடைத்துத் தேட வரி இருக்கிறது. முத்திரைக்கு வரி அகப்படவில்லை.

கணக்குச் சொல்லட்டுமா? பத்து வருஷத்தில் அரசியல்வாதிகள் மேல் 193 வழக்கு. தண்டனை இரண்டு. நான் சொல்லவில்லை, 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் அரசே கொடுத்த பதில். மீதி வழக்கெல்லாம் எங்கே? சில வழக்குகள் ஆள் கட்சி மாறியதும் தூங்கப் போய்விட்டன. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அந்தக் கட்சிக்காரரே முன் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "ஐந்து நிமிடம்." குற்றவாளிக்கே 30 நாள் தருகிறது சட்டம், எனக்கு ஐந்து நிமிடமா? சரி, முடிக்கிறேன்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டுப் போக மாட்டேன். வீடு பவானியில். பத்திரம் பதிந்தது இங்கே. சாட்சி இங்கே. அந்த ஆணையம் இருப்பதோ டெல்லியில்! அந்த அம்மா டெல்லிக்கு வக்கீல் வைக்க வேண்டும். வீட்டை விற்று வைக்கலாம் என்றால் வீடுதான் முடங்கிக் கிடக்கிறதே! எந்த மண்ணில் சொத்தோ அந்த மண்ணில் விசாரணை. இதைக் கேட்பது தேசத் துரோகமா? ஒரு காலத்தில் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ல் 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனாலும் 300-ஏ பிரிவு நிற்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவன் சொத்தையும் பிடுங்க முடியாது. சட்டப்படி எடுத்தால் அது பறிமுதல். காரணமும் எழுதாமல், கெடுவும் பார்க்காமல் எடுத்தால் அதற்கு நம் ஊரில் வேறு பேர் இருக்கிறது, தாய்மார்கள் இருக்கிறார்கள், சொல்ல மாட்டேன்.

ஆகவே என் அன்பான மக்களே, உங்களுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ அப்படி ஒரு காகிதம் வந்தால் ஓடாதீர்கள், ஒளியாதீர்கள், பாத்திரத்தை வண்டியில் ஏற்றாதீர்கள். கையில் கிடைத்த நாளைக் காகிதத்தின் மேலேயே எழுதுங்கள். பத்திரத்தை எடுத்து வருஷத்தைப் பாருங்கள். காரணம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸுக்குப் பதிலைக் கெடுவுக்குள் போடுங்கள். ஆணையம் கைவிட்டால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம். திருடனின் சொத்தை விடாதே என்று அரசிடம் சொல்லுங்கள். அதே மூச்சில், திருடன் என்று நிரூபிக்கும் கெடுவையும் விடாதே என்று சொல்லுங்கள். நேற்றுப் பேசிய நண்பருக்கும் ஒரு நாள் இந்தக் காகிதம் வரலாம். வந்தால் தயங்காமல் என்னிடம் வரட்டும். பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி அவர் நோட்டீஸிலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன்.