கார்போகரிசியும் முகப்பூச்சும்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இப்போது விற்பனையாகும் முகப்பூச்சுகள் பலவற்றில் ‘பக்குச்சியோல்’ என்ற பெயரைக் காண்கிறோம். பெயர் புதிது, மூலிகை பழையது. சித்த வைத்தியத்தில் வெண்புள்ளிக்குப் பயன்படும் கார்போகரிசி என்ற விதையில் உள்ள பொருள் அது. 1966இல் இந்திய விஞ்ஞானிகள் அதனைத் தனியே பிரித்தெடுத்தார்கள்.

பயன் உண்டா? பிரித்தானியத் தோல் மருத்துவ சஞ்சிகையில் 2019இல் வெளியான ஆய்வொன்றில் 44 பேர் 12 வாரங்கள் பங்குபற்றினர். ஒரு சாரார் 0.5 வீத பக்குச்சியோலை நாளுக்கு இருமுறையும், மறு சாரார் அதே செறிவுள்ள ரெட்டினோலை ஒருமுறையும் முகத்தில் பூசினர். சுருக்கமும் கருமையும் இரு சாராருக்கும் குறைந்தன. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தோல் உரிதலும் எரிவும் ரெட்டினோல் பூசியோருக்கே கூடுதலாக இருந்தன. நல்ல செய்திதான். ஆனாலும் 44 பேர் என்பது சிறிய தொகை. 12 வாரம் குறுகிய காலம்.

பாதுகாப்பானதா? இங்கேதான் கவனம் தேவை. அதே விதையில் சோரலன் என்ற பொருளும் உண்டு. அது தோலை வெயிலுக்கு மிகவும் கூருணர்வுள்ளதாக்கும். வெண்புள்ளிச் சிகிச்சையில் வைத்தியர்கள் அளவோடு பயன்படுத்துவதும் இந்தத் தன்மையைத்தான். விதையை அரைத்தோ அதன் எண்ணெயையோ முகத்தில் பூசிக்கொண்டு நமது வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கொப்புளிக்கலாம். கருமை மாறப் பல மாதங்கள் செல்லலாம். ஆகவே போத்தலில் இருப்பது சுத்திகரித்த பக்குச்சியோலா, விதை எண்ணெயா என்று வாசித்துப் பார்த்தே வாங்குங்கள்.

கர்ப்பிணிகள் ரெட்டினோலைத் தவிர்க்க வேண்டும். அதற்குப் பதிலாக இதைப் பூசலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. கர்ப்பிணிகளிடம் இது போதிய அளவு ஆராயப்படவில்லை. தீங்கு காணப்படவில்லை என்பதும், தீங்கில்லை என நிறுவப்பட்டது என்பதும் ஒன்றல்ல. உங்கள் மகள்மாருக்கும் மருமகள்மாருக்கும் இதைச் சொல்லுங்கள். வைத்தியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

சிலருக்கு ஒவ்வாமையும் ஏற்பட்டிருக்கிறது. முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி, ஒரு வாரம் பார்த்த பின்னரே முகத்திற்குப் போடுங்கள்.

எது, எவ்வளவு, எவரிடம் சோதிக்கப்பட்டது என்று கேட்க இக்கல்லூரியின் விஞ்ஞான கூடத்தில்தான் பழகினோம். கடையிலும் அப்படியே கேட்போம்.